நிலவறையில் முடியும் பீர்

காஸ்க் ஏல் என்பது ஆலையிலிருந்து முழுமையடையாமலேயே புறப்படும் பீர். வடிகட்டாமல், சூடாக்கிக் கிருமி நீக்காமல், உயிருள்ள ஈஸ்ட்டோடு பீப்பாயில் அடைத்து இதைப் பப்புக்கு அனுப்புகிறார்கள். மரத்திலிருந்து இறக்கிய பிறகும் கலயத்துக்குள் பொங்கிக்கொண்டிருக்கும் கள்ளைப் போல, இதுவும் பப்பின் நிலவறையில் நொதித்துக்கொண்டே கிடக்கும். மிச்சமிருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்கிறது. அதனால் உண்டாகும் கரியமில வாயுவில் ஒரு பகுதி பீரிலேயே கரைந்து, நாக்கில் இலேசான விறுவிறுப்பைத் தருகிறது. வெளியிலிருந்து வாயு ஏற்றுவதில்லை. பீப்பாயைத் திறந்துவிட்டால் மூன்று நாளுக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும். அதற்குமேல் காற்றுப் பட்டு மணம் மங்கும், பிறகு புளித்துவிடும். இப்படிப்பட்ட பானத்தை வாங்கி வீட்டில் சேர்த்துவைக்க வழியில்லை. அதைக் காய்ச்சும் வட்டாரத்துக்கே போய், அங்குள்ள பப்பில் உட்கார்ந்து குடிப்பதுதான் அதை அறிய நல்ல வழி.

அப்படி அறிவதற்கு வடக்கு இங்கிலாந்தின் டேல்ஸ் வே மிகப் பொருத்தமான பாதை. யார்க்‌ஷயரின் இல்க்லி ஊரில், வார்ஃப் ஆற்றின் பழைய கல்பாலத்தருகே அது தொடங்குகிறது. வின்டர்மியர் ஏரிக்கரையில் உள்ள போனஸ் ஊரில் முடிகிறது. நீளம் ஏறத்தாழ 80 மைல், அதாவது சுமார் 130 கிலோமீட்டர். 1960களின் கடைசியில் நடையாளர் சங்கத்தின் வெஸ்ட் ரைடிங் கிளையைச் சேர்ந்த காலின் ஸ்பீக்மனும் டாம் வில்காக்கும் இதை வகுத்தார்கள். மலைச் சிகரங்களைத் தேடி ஏறாமல் ஆற்றோரமாகவே போகும் பாதை இது. ஆற்றோரம் என்பதால் வழியெல்லாம் ஊர்கள். ஊர் என்றால் பெரும்பாலும் அங்கே ஒரு பப்பும் உண்டு. மே மாதக் கடைசியில் இந்தப் பாதையில் வடக்கு நோக்கி நடந்த ஒரு சிறு குழுவின் அனுபவமே இக்கட்டுரைக்கு அடிப்படை. அந்தந்த வட்டாரத்தில் காய்ச்சியதை அங்கேயே குடிப்பது, எந்த வகையையும் அரை பைன்ட்டுக்கு மேல் கேட்பதில்லை என்பவை குழுவின் விதிகள். பைன்ட் என்பது 568 மில்லிலிட்டர். அரை பைன்ட்டும், அதற்கும் குறைவான மூன்றில் ஒரு பங்கும் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட அளவுகளே. அரை பைன்ட் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இல்க்லியிலிருந்து கிளம்பினால் முதல் நாள் நடை போல்டன் ஆபி மடாலயத்தின் இடிபாடுகளைத் தாண்டிச் செல்கிறது. 12ஆம் நூற்றாண்டில் அகஸ்டீனியத் துறவிகள் நிறுவிய மடம் அது. அதற்கு மேலே ஸ்ட்ரிட் என்னும் இடத்தில் அகன்ற வார்ஃப் ஆறு முழுவதும் ஒரு குறுகிய பாறைப் பிளவுக்குள் நுழைகிறது. தாண்டிவிடலாம் என்று தோன்றும் அகலம்தான். தாண்ட முயன்று உயிரிழந்தவர்கள் உண்டு. வழுக்குப்பாறையும் ஆழமும் சேர்ந்த அந்த இடத்தைக் கடக்கும்வரை மதுவைத் தொடாமல் இருந்தது சரியான முடிவு. நடையில் பீர் சேர்த்துக்கொள்கிறவர்கள் இந்த ஒழுங்கைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்: ஆறு, பாறை, ஏற்றம் எல்லாம் முதலில், குடி பிறகு.

வார்ஃப் பள்ளத்தாக்கின் பப்புகளில் அடிக்கடி எதிர்ப்படும் பெயர் டிமதி டெய்லர். 1858இல் கீத்லியில் தொடங்கிய இந்த ஆலை இன்றும் குடும்ப நிறுவனமாகவே நடக்கிறது. தனக்குச் சொந்தமான ஊற்றின் நீரில்தான் காய்ச்சுகிறது. கோல்டன் ப்ராமிஸ் என்ற ஸ்காட்லாந்து பார்லி ரகத்தின் மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தைப் பயன்படுத்துகிறது. அதன் லேண்ட்லார்ட் 4.3 சதவீத ஆல்கஹால் கொண்ட பேல் ஏல். பிரிட்டனின் சாம்பியன் பீர் என்ற விருதை அது 1982, 1983, 1994, 1999 ஆகிய ஆண்டுகளில் வென்றது. அதே ஆலையின் போல்ட்மேக்கர் 2014இல் வென்றது. பள்ளத்தாக்குக்குக் கிழக்கே, யூர் ஆற்றங்கரையில் இருக்கும் மாஷம் என்ற சிற்றூரிலிருந்து இன்னும் இரண்டு பெயர்கள் வருகின்றன. தியாக்ஸ்டன் 1827இல் தொடங்கியது. 1980களில் பெரிய நிறுவனங்களின் கைக்குப் போய், 2003இல் மீண்டும் குடும்பத்திடமே திரும்பியது. கைமாறிய காலத்தில் வெளியேறிய பால் தியாக்ஸ்டன், 1992இல் அதே ஊரில் பிளாக் ஷீப் என்ற ஆலையைத் தொடங்கினார். ஒரே குடும்பத்தினர் ஒரே ஊரில் தொடங்கிய இரு ஆலைகளின் பிட்டர்களை, அதாவது கசப்பு ஏல்களை, அடுத்தடுத்த பம்புகளில் இறைத்துச் சுவைக்க முடிவது இந்தப் பள்ளத்தாக்குகளின் பெரும் பேறு.

பர்ன்சால் ஊரில் ஐந்து வளைவுப் பாலமும் அதை ஒட்டிய புல்வெளியும் இருக்கின்றன. நடந்த களைப்போடு அங்கே பார்த்த ஓர் அரை பைன்ட்டின் பிறப்பை விவரிப்பது தகும். பாரின் மேல் நிமிர்ந்து நிற்கும் நீண்ட கைப்பிடி நிலவறையில் உள்ள பீரை இறைக்கும் பம்பின் பிடி. இந்தப் பம்புக்கு 1797இல் காப்புரிமை பெற்ற ஜோசஃப் பிராமாவும் யார்க்‌ஷயர்க்காரர்தான். பாரில் நின்ற பெண் கண்ணாடிக் குவளையைக் குழாயின் வளைந்த கழுத்துக்கு நேராகப் பிடித்து, அதன் நுனி குவளையின் அடியைத் தொடும்படி ஏற்றிக்கொண்டார். பிறகு அவசரமில்லாமல் பிடியைத் தன் பக்கம் இழுத்தார். நுனியில் பொருத்திய ஸ்பார்க்ளர் என்ற சிறு மூடியின் நுண்துளைகள் வழியாகப் பீர் சீறி இறங்கியது. குவளை முழுதும் முதலில் பால் கலந்த பழுப்பாகத்தான் இருந்தது. குமிழ்கள் மேலேற ஏற அடியிலிருந்து பொன்னிறம் தெளிந்து வந்தது. ஒரு நிமிடத்தில் விரற்கடை உயரத்துக்கு அடர்ந்த வெள்ளை நுரை மேலே நின்றது. கடைசி மடக்குவரை அந்த நுரை குவளையின் உட்புறத்தில் வளையம் வளையமாகப் படிந்துகொண்டே இறங்கியது. ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு வளையம்.

ஸ்பார்க்ளர் வட இங்கிலாந்தின் பழக்கம். தெற்கே பல பப்புகளில் அது கிடையாது. அங்கே நுரை குறைவாக, தட்டையாகவே ஊற்றுவார்கள். எது சரி என்ற விவாதம் இங்கிலாந்து பப்புகளில் ஓய்வதில்லை. ஸ்பார்க்ளர் வழியே வரும் பீரில் வாயு சற்றுக் குறைந்து வாய்க்கு மென்மையாக இருக்கும். பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் கொஞ்சம் தணியும். யார்க்‌ஷயர் ஆலைகள் இதைக் கணக்கில் வைத்தே காய்ச்சுவதால், அவற்றின் பிட்டருக்கு ஸ்பார்க்ளரே பொருந்துகிறது என்பதில் அந்த நடைக்குப் பின் சந்தேகம் இல்லை. வெதுவெதுப்பான பீர் என்று வெளிநாட்டவர் சொல்லும் குறையும் நியாயமற்றது. நிலவறையின் வெப்பநிலை 11 முதல் 13 டிகிரி செல்சியஸ். அதே குளிர்ச்சியில்தான் பீர் குவளைக்கு வருகிறது. பனிக்கட்டி போலக் குளிர்ந்தால் மால்ட்டின் மணமே தெரியாது. நல்ல பிட்டரில் முதலில் வறுத்த தானியத்தின் வாசமும், நடுவில் ஆரஞ்சுத் தோல் போன்ற ஒன்றும், விழுங்கிய பிறகு நாக்கின் பின்புறத்தில் வறண்ட கசப்பும் வரும். அந்தக் கசப்புதான் அடுத்த மடக்குக்கு அழைக்கிறது.

கிராசிங்டனைத் தாண்டிய பின் பாதை ஆற்றை விட்டுச் சுண்ணாம்புக்கல் மேட்டில் ஏறுகிறது. வெள்ளைப் பாறைத் தளங்கள், ஆடுகள், கல் அடுக்கிய வேலிகள். மீண்டும் இறங்கினால் கெட்டில்வெல். இந்தச் சிற்றூரில் மூன்று பப்புகள் இருக்கின்றன.

இந்தப் பகுதியின் ஒரு பப்பில், கூட்டமில்லாத பிற்பகலில், நிலவறையைப் பார்க்க அனுமதி கிடைத்தது. படிகள் செங்குத்து, தலை இடிக்கும் அளவுக்குத் தாழ்ந்த கூரை, ஈரக் கல்லின் வாடையோடு ஈஸ்ட்டின் வாசம். ஸ்டில்லேஜ் என்னும் தாங்கிகளின் மேல் உலோகப் பீப்பாய்கள் படுத்த நிலையில், உருளாதபடி ஆப்பு வைத்து நிறுத்தப்பட்டிருந்தன. பெரும்பாலும் ஃபர்கின் அளவு: 9 காலன், 72 பைன்ட், சுமார் 41 லிட்டர். பீப்பாய் வந்ததும் அதை அசைக்காமல் கிடத்தி, மேல் துளையில் ஸ்பைல் என்ற சிறு மரமுளையை அடிக்கிறார்கள். முதலில் அடிப்பது காற்றை விடும் மென்மரம். அதன் வழியே அதிகப்படி வாயு வெளியேற, முளையைச் சுற்றி நுரை பொங்குகிறது. பொங்கல் அடங்கியதும் காற்றுப் புகாத கடின முளைக்கு மாற்றுகிறார்கள். இதற்கிடையில் ஈஸ்ட் மெல்ல அடியில் படிகிறது. படிவதை விரைவாக்க ஐசிங்கிளாஸ் என்ற பொருளை ஆலையிலேயே கலந்து அனுப்புவது வழக்கம். அது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. சைவ உணவுக்காரர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அது சேர்க்காமல் சற்றே கலங்கலாக விற்கும் ஆலைகளும் இப்போது உள்ளன.

பப் நடத்துபவர் ஒரு பீப்பாயிலிருந்து கொஞ்சம் பிடித்து, குவளையை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். தெளிந்துவிட்டதாகவே மற்றவர்களுக்குத் தோன்றியது. அவர் முகர்ந்தார், ஒரு வாய் வைத்தார். “இன்னும் ஒரு நாள் கிடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு முளையைத் தட்டினார். அது லேண்ட்லார்ட். தெளிந்த பிறகும் அதற்குக் கூடுதல் நேரம் தர வேண்டும் என்பது நிலவறை வேலை தெரிந்த எல்லோரும் சொல்வது. அவசரப்பட்டு விற்கும் பப்பில் அதே பீர் கூர்மையாக, முழுமையில்லாமல் இருக்கும். ஆலையில் ஒருவர் பாதி வேலையைச் செய்கிறார் என்றால் மறுபாதியைச் செய்பவர் இந்த நிலவறைக்காரர். முளையை எப்போது மாற்றுவது, எந்தப் பீப்பாயை இன்று திறப்பது, குழாய்களை எப்போது கழுவுவது என்ற அவருடைய தினசரி முடிவுகளில்தான் காஸ்க் ஏலின் தரம் இருக்கிறது. ஒரே ஆலையின் ஒரே பீர் அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் இரண்டு விதமாக இருப்பதன் காரணமும் இதுதான்.

இந்த வேலை 1960களில் ஏறக்குறைய வழக்கொழியப் பார்த்தது. பெரிய ஆலைகள் சிறியவற்றை வாங்கிக் குவித்தன. வடிகட்டிச் சூடாக்கி, வாயு அழுத்தத்தில் வெளியேறும் கெக் பீரை நாடெங்கும் பரப்பின. கெக் பீருக்கு நிலவறைத் திறமை தேவையில்லை, வாரக்கணக்கில் கெடாது, எங்கே குடித்தாலும் ஒரே சுவை. வணிகத்துக்கு வசதி, நாக்குக்கு இழப்பு. 1971இல், அயர்லாந்தின் மேற்குக் கரையில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்த நான்கு இங்கிலாந்து இளைஞர்கள் இதற்கு எதிராக ஓர் இயக்கம் தொடங்க முடிவு செய்தார்கள்: மைக்கேல் ஹார்ட்மன், கிரகாம் லீஸ், ஜிம் மேக்கின், பில் மெல்லர். கேம்ரா என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் அந்த இயக்கத்தின் பீர் வழிகாட்டி நூல் 1974 முதல் புத்தகமாக வருகிறது. நடைப் பையில் வரைபடத்தோடு அதையும் வைத்துக்கொண்டு போகிறவர்கள் இன்றும் உண்டு. நுகர்வோர் இயக்கங்களில் இதைப் போல வெற்றி பெற்றவை சிலவே.

பக்டனைக் கடந்து ஹப்பர்ஹோம் வந்தால் ஒரு கோயில், ஒரு பாலம், ஜார்ஜ் என்ற பப். அவ்வளவுதான் ஊர். செயின்ட் மைக்கேல் கோயிலுக்குள் 1558ஆம் ஆண்டு பொறித்த மரத்தாலான மேடை இருக்கிறது. இருக்கைகளை ராபர்ட் தாம்சன் என்ற புகழ்பெற்ற தச்சர் செய்தார். தம் வேலைக்கு அடையாளமாக அவர் செதுக்கும் சின்னஞ்சிறு எலிகளை இருக்கைகளில் தேடிக் கண்டுபிடிக்கலாம். பிராட்ஃபர்டில் பிறந்த எழுத்தாளர் ஜே. பி. பிரீஸ்ட்லிக்கு மிகப் பிடித்த இடம் இது. 1984இல் மறைந்த அவருடைய நினைவுப் பலகை கோயிலில் இருக்கிறது. ஜார்ஜ் பப் முற்காலத்தில் கோயிலுக்குச் சொந்தமான கட்டடம். புத்தாண்டின் முதல் திங்கட்கிழமை இரவு, ஏழைகளின் நலனுக்கென்று விடப்பட்ட மேய்ச்சல் நிலத்தை அங்கே மெழுகுவர்த்தி ஏற்றிக் குத்தகைக்கு ஏலம் விடும் மரபு உண்டு. கல் பாவிய தரை, தாழ்ந்த உத்தரங்கள், கரி படிந்த அடுப்பு. சேறு படிந்த காலணியோடு உள்ளே போனால் யாரும் முகம் சுளிப்பதில்லை. மாலையில் அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் விவசாயிகள், மீதிப் பேர் நடப்பவர்கள். முதல் மேசையில் ஆட்டு விலை. அடுத்த மேசையில் நாளைய மழை. அந்நியர் என்று தள்ளிவைக்காத பேச்சு அது. பீருக்கு எவ்வளவு மதிப்போ, அந்தப் பேச்சுக்கும் அவ்வளவு மதிப்பு.

அதற்குப் பிறகு வருவது வறண்ட தொலைவு. ஊட்டர்ஷா என்ற சிற்றூரைத் தாண்டி, கேம் ஃபெல் மேட்டில் 500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக்குப் பாதை ஏறுகிறது. கரி நிறச் சதுப்பும் காற்றும்தான், பப் இல்லை. இந்த மேடு ஒரு நீர்ப்பிரிவு: இதுவரை கூட வந்த வார்ஃப் கிழக்கே வட கடலை நோக்கிப் போகிறது, இனி இறங்கும் டீ ஆற்றின் நீர் மேற்கே ஐரிஷ் கடலைச் சேர்கிறது. தொலைவில் 24 வளைவுகளோடு ரிபிள்ஹெட் ரயில் பாலம் தெரியும். பிறகு டென்ட் பள்ளத்தாக்கு. நிலவியல் அறிஞர் ஆடம் செட்ஜ்விக் 1785இல் பிறந்த டென்ட் ஊரின் கல் பாவிய தெருவில் அவருக்கு ஒரு பெரிய கிரானைட் பாறையை நிறுத்தியிருக்கிறார்கள்.

மலையின் இந்தப் பக்கத்தில் ஓர் ஊரில்தான் கெட்டுப்போன பீர் கிடைத்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். பாரில் கைப்பம்புகள் வரிசையாக நின்றன, ஆட்கள் சிலரே. குவளையை வாயருகே கொண்டுபோகும்போதே காடியின் நெடி. திருப்பிக் கொடுத்ததும் வாதாடாமல் வேறு ஒன்றை இறைத்துத் தந்தார்கள். கெட்டதை இறைத்த பம்பின் பெயரட்டையைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்தார்கள். விற்பனையில் இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். பீர் கெட்டதற்குக் காரணம் எளிது. 72 பைன்ட் கொண்ட ஒரு பீப்பாய் மூன்று நாளில் தீர வேண்டுமானால் நாளுக்கு 24 பைன்ட் போக வேண்டும். ஆறு பம்புகள் வைத்தால் நாளுக்கு 144. சிற்றூரில் ஒரு செவ்வாய்க்கிழமை அது நடக்காது. வகை அதிகம் என்பதைப் பெருமையாக நினைக்கும் பப்புகள் தங்கள் பீரைத் தாங்களே கெடுக்கின்றன. இரண்டு பம்பு, மிஞ்சினால் மூன்று. எல்லாம் வேகமாக ஓட வேண்டும். இதுவே அந்த நடையில் மீண்டும் மீண்டும் உறுதியானது.

செட்பர்க் தாண்டி லூன் ஆற்றோரம் போகும் பாதை, எம்6 நெடுஞ்சாலையின் இரைச்சலைக் கடந்து கம்ப்ரியாவின் தாழ்ந்த வயல்களுக்குள் நுழைகிறது. இந்தப் பகுதியின் பம்புகளில் தெரிந்த பழைய பெயர்கள் குறைந்து, சமீப காலச் சிறு ஆலைகளின் பெயர்கள் கூடுகின்றன. இதற்கு ஒரு வரிச் சட்டம் காரணம். 2002இல் பிரிட்டிஷ் அரசு, ஆண்டுக்கு 5,000 ஹெக்டோலிட்டர் வரை காய்ச்சும் ஆலைகளுக்குப் பீர் வரியைப் பாதியாகக் குறைத்தது. அதே ஆண்டு, பிபிசியில் செய்தியாளராக இருந்த அலெக்ஸ் பிராடி ஹாக்ஸ்ஹெட் ஆலையைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது டேல்ஸ் வே கடந்துபோகும் ஸ்டேவ்லி ஊருக்கு இடம் மாறியது. 3.7 சதவீதமே உள்ள ஹாக்ஸ்ஹெட் பிட்டர் வெளிறிய நிறமும் தெளிவான கசப்பும் கொண்டது. நடையின் கடைசி நாள் வெயிலுக்கு ஏற்றது. பலம் குறைந்த பீரில் சுவையைக் கொண்டுவருவதுதான் கடினமான கலை. 4 சதவீதத்துக்குக் கீழே இவ்வளவு வேறுபாடுகளை உண்டாக்கத் தெரிந்தவர்கள் பிரிட்டிஷ் ஆலைக்காரர்களே.

கனமான பீருக்கும் இடமுண்டு, ஆனால் நடை முடிந்த மாலையில். தியாக்ஸ்டனின் ஓல்ட் பெக்யூலியர் 5.6 சதவீதம், கரும்பழுப்பு நிறம், உலர்ந்த திராட்சையும் கருப்பட்டியும் சேர்ந்தாற்போன்ற இனிப்பு. மரப் பீப்பாய் செய்யும் தச்சரை இன்றும் வேலைக்கு வைத்திருக்கும் ஆலை அது. அடுப்பருகில் உட்கார்ந்து அரை பைன்ட்டை ஒரு மணி நேரம் குடிக்கலாம். மழையில் நனைந்து வந்த நாளில் அதற்கு ஈடாக வேறு எதையும் சொல்ல முடியாது. ஆனால் பாதை முழுதும் குடித்தவற்றில் முதலிடம் லேண்ட்லார்டுக்கே. அதுவும் நிலவறையில் ஒரு நாள் கூடுதலாகக் கிடந்ததற்கு.

இந்தப் பாதையில் நடக்கப் போகிறவர்கள் நேரத்தைக் கவனிக்க வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்தில் வந்த பிற்பகல் அடைப்பு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வார நாட்களுக்கு நீங்கியது. ஞாயிற்றுக்கிழமைக்கு 1995இல்தான் நீங்கியது. சட்டம் நீங்கினாலும் ஆளில்லாத சிற்றூர்ப் பப்புகள் மதியத்துக்கும் மாலைக்கும் இடையில் அடைப்பது உண்டு; வாரத் தொடக்கத்தில் நாள் முழுதும் திறக்காதவையும் உண்டு. முதல் நாள் இரவே தொலைபேசியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் மேசையில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டாம்; பாரில் நின்று கேட்டு, பணம் கொடுத்து, நீங்களே எடுத்துப் போக வேண்டும். எதை வாங்குவது என்று தெரியாவிட்டால், இன்று எந்தப் பீப்பாய் வேகமாகப் போகிறது என்று கேளுங்கள். அதில் அரை பைன்ட் வாங்குங்கள்.